2,14,74,83,647 என்ற பகா எண்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினியோடு கொஞ்சம் பழகியவர்கள் இந்த எண்ணை எங்காவது பார்த்திருப்பார்கள். கூட்டிக்கொண்டே போன தொகை திடீரென்று மைனஸாக மாறிய இடத்தில் பார்த்திருக்கலாம். விளையாட்டில் சேர்த்த காசு அதற்கு மேல் ஏறாமல் அடம்பிடித்த இடத்திலும் பார்த்திருக்கலாம். நிரல் எழுதச் சொல்லித்தரும் எனக்கு ஆண்டுதோறும் இதைப் பற்றி ஏறக்குறைய அதே கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொரு முறையும் பலகையில் முதலிலிருந்து எழுதி அலுத்துவிட்டதால், பதில்களை இங்கே சேர்த்து வைக்கிறேன். பள்ளிக் கணக்கு போதும். இரண்டு இடங்களில் மட்டும் நின்று நிதானமாக வாசிக்க வேண்டியிருக்கும்.

இந்த எண்ணை எப்படி வாசிப்பது?

இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. மூச்சு வாங்குகிறது என்றால் 2³¹ − 1 என்று சொல்லிவிடலாம். 2-ஐ 31 முறை எழுதிப் பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வருவது. இனி ‘நம் எண்’ என்றே சொல்கிறேன்.

பகா எண் என்றால் மறந்துவிட்டது. ஒரு வரியில்?

1-ஐயும் தன்னையும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடாத எண். 1 இதில் சேராது. இலங்கைப் பாடநூல்களில் படித்தவர்கள் ‘முதன்மை எண்’ என்பார்கள். இரண்டும் ஒன்றுதான்.

2, 3, 5, 7 என்று வரிசையாக எண்ணிக்கொண்டே போனால் நம் எண் 10,50,97,565-ஆவது பகா எண்ணாக வரும். அதற்கு முந்தையது 2,14,74,83,629, அடுத்தது 2,14,74,83,659. அதாவது ஒருபக்கம் 18, மறுபக்கம் 12 இடைவெளி. இந்த உயரத்தில் சராசரியாக 21, 22 எண்களுக்கு ஒரு பகா எண்தான் இருக்கும் என்பதால் நம் எண் கொஞ்சம் நெருக்கமான அக்கம்பக்கத்தில்தான் குடியிருக்கிறது.

2³¹ − 1 என்ற வடிவத்தில் என்ன விசேஷம்?

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று இரட்டிப்பாக்கிக் கேட்டு அரசனைத் திணறவைத்த கதை தெரியும் அல்லவா? முதல் 31 கட்டங்களில் விழும் நெல்லை மொத்தமாக அள்ளி எண்ணினால் சரியாக 2,14,74,83,647. 32-ஆவது கட்டத்துக்கு மட்டும் தனியாக வேண்டிய நெல், இந்த மொத்தத்தைவிட ஒன்றே ஒன்று கூடுதல்.

0, 1 மட்டும் வைத்து எழுதும் இரும முறையில் நம் எண், இடையில் ஒரு பூஜ்யம்கூட இல்லாமல் வரிசையாக 31 ஒன்றுகள். நம் தசம முறையில் 999 போல, அங்கே இது ‘எல்லா இடமும் நிரம்பியது’. 2-இன் அடுக்கில் ஒன்று குறைந்த இப்படிப்பட்ட பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர். 17-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் வாழ்ந்த மரென் மெர்சென் என்ற துறவியின் பெயர் அது. 2, 3, 5, 7, 13, 17, 19, 31 என்ற அடுக்குகளுக்கு இது நடக்கிறது. நம்முடையது எட்டாவது.

அடுக்கு பகா எண்ணாக இருக்க வேண்டும் என்கிறார்களே, ஏன்?

ஒன்றுகளை எழுதிப் பார்த்தால் கண்ணாலேயே தெரியும். அடுக்கு 15 என்று வைத்துக்கொள்வோம். பதினைந்து ஒன்றுகள்:

111 111 111 111 111

மூன்று மூன்றாகப் பிரித்தால் 111 என்ற துண்டு ஐந்து முறை வருகிறது. இரும முறையில் 111 என்றால் 7. ஆகவே முழு எண்ணும் 7-ஆல் வகுபடும். ஐந்தைந்தாகப் பிரித்தால் 11111, அதாவது 31, மூன்று முறை வருகிறது. அதனால் 31-ஆலும் வகுபடும். கணக்குப் பார்த்தால் 2¹⁵ − 1 = 32,767 = 7 × 31 × 151. 31 ஒன்றுகளை இப்படிச் சமத் துண்டுகளாக்க வழியில்லை.

ஆனால் இதைத் திருப்பிப் போட்டு, ‘அடுக்கு பகா எண் என்றால் விடையும் பகா எண்’ என்று எழுதிவிடாதீர்கள். 2¹¹ − 1 = 2,047 = 23 × 89. ஆர்வத்தில் அவசரப்படுகிற பெரும்பாலானோர் சறுக்குவது இந்த 11-இல்தான்.

நம் எண் பகா எண் என்று முதலில் சொன்னது யார்?

சொன்னவர் வேறு, நிரூபித்தவர் வேறு. இத்தாலியின் பியத்ரோ கட்டால்டி 1588-இல் 17, 19 என்ற அடுக்குகளுக்குப் பகா எண் வருவதைச் சரியாகக் காட்டினார். அதோடு நிற்காமல் 23, 29, 31, 37 அடுக்குகளுக்கும் வரும் என்று சொல்லிவிட்டார். 23-ஐயும் 37-ஐயும் 1640-இல் பிரான்ஸின் கணித அறிஞர் ஃபெர்மா தவறென்று காட்டினார். 29-ஐ 1738-இல் ஆய்லர் கவிழ்த்தார். நான்கில் மிஞ்சியது 31 மட்டும்.

நடுவில் 1644-இல் மெர்சென் ஒரு பட்டியல் போட்டார். 31 சரியாகவே அதில் இருந்தது. ஆனால் 67, 257 இரண்டும் தவறாக நுழைந்துவிட்டன. 61, 89, 107 மூன்றும் விடுபட்டுவிட்டன. அப்படியும் அவர் பெயரே நிலைத்துவிட்டது.

நிரூபித்தது லியோனார்ட் ஆய்லர், 1772-இல், பெர்னூலிக்கு எழுதிய ஒரு கடிதத்தில். அப்போது அவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தார். கண்பார்வை ஏறக்குறைய முழுவதும் போய்விட்டிருந்தது.

பார்வையில்லாத மனிதர் 46,340 வரை ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்த்தாரா?

இந்தக் கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஓர் எண் வகுபடுமானால் அதன் வர்க்கமூலத்துக்குள்ளேயே ஒரு காரணி இருந்தாக வேண்டும். நம் எண்ணின் வர்க்கமூலம் 46,340-ஐச் சற்றுத் தாண்டும். அதற்குள் பகா எண்கள் மட்டுமே சுமார் 4,800 இருக்கின்றன. பத்து இலக்க எண்ணை 4,800 முறை வகுப்பது என்றால் மாதக்கணக்கில் உட்கார வேண்டியதுதான். ஆய்லர் வகுப்பதற்கு முன்னால் யோசித்தார்.

நம் எண்ணை ஒரு பகா எண் வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ‘வ’ என்போம். அப்படியானால் 2³¹-ஐ வ-ஆல் வகுத்தால் மீதி 1. இப்போது 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் வ-ஆல் வகுத்த மீதியை மட்டும் குறித்துவந்தால், அந்த மீதிகள் ஒரு வட்டமாகச் சுற்றும். 31 அடி வைத்தால் மறுபடி 1-க்கு வந்துவிடுகிறோம். ஆகவே வட்டத்தின் நீளம் 31-ஐ வகுக்க வேண்டும். 31 பகா எண் என்பதால் நீளம் 1 அல்லது 31. நீளம் 1 என்றால் 2-ஐ வகுத்தாலே மீதி 1 வர வேண்டும், அது நடக்காது. எனவே வட்டம் சரியாக 31 அடி.

அப்புறம் ஃபெர்மாவின் சிறிய தேற்றம் வருகிறது. பகா எண் வ என்றால், வ-ஐவிட ஒன்று குறைவான எண்ணிக்கையில் அடி வைத்தாலும் 1-க்குத் திரும்பிவிடுவோம் என்கிறது அது. 31 அடி வட்டத்தில் அப்படித் திரும்ப வேண்டுமானால் வ − 1 என்பது 31-இன் மடங்கு. வ ஒற்றைப்படை, ஆகவே வ − 1 இரட்டைப்படை. இரண்டையும் சேர்த்தால் வ − 1 என்பது 62-இன் மடங்கு.

இதோடு விடவில்லை. 2³¹-இன் மீதி 1 என்றால் 2³²-இன் மீதி 2. ஆனால் 2³² என்பது 2¹⁶-இன் வர்க்கம். அதாவது வ-ஆல் வகுக்கும் உலகத்தில் 2 என்பது ஒரு முழு வர்க்கமாகிவிடுகிறது. அப்படி நடக்கும் ஒற்றைப்படைப் பகா எண்கள் 8-ஆல் வகுத்தால் 1 அல்லது 7 மீதி தருபவை மட்டுமே. இந்த வடிகட்டியையும் போட்டால், வ-ஐ 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 ஆகவோ 63 ஆகவோதான் இருக்க முடியும்.

248-க்குள் பகா எண்கள் உட்காரக்கூடிய மீதிகள் 120. அதில் இரண்டே இரண்டுதான் இப்போது மிச்சம். சுமார் 4,800 பகா எண்கள் அறுபதில் ஒரு பங்காகச் சுருங்கி எண்பது சொச்சத்துக்கு வந்துவிடுகின்றன. ஓர் ஓய்வான வாரத்தில் முடிகிற வேலை.

நானும் தாளில் போட்டுப் பார்க்கலாமா?

தாராளமாக. தகுதியுள்ள முதல் பகா எண் 311 (248 + 63). நேரடியாக வகுத்தால் ஈவு 69,05,092, மீதி 35. பத்து இலக்கத்தை வகுக்கச் சோம்பல் என்றால் இரட்டிப்பு வழி இருக்கிறது:

2⁸ = 256.
2¹⁶ = 256 × 256 = 65,536. 311-ஆல் வகுத்தால் மீதி 226.
2²⁴ = 256 × 226 = 57,856. மீதி 10.
2³¹ = 10 × 128 = 1,280. மீதி 36.

அதில் ஒன்று கழித்தால் 35. அதே விடை, நாலே வரி. பெரிய எண் எதையும் தொடவே இல்லை.

அடுத்த தகுதியுள்ள பகா எண் எது என்று பாருங்கள்: 1,303. நடுவில் 497, 559 போன்றவை வடிவத்தில் பொருந்தினாலும் அவை பகா எண்கள் அல்ல (7 × 71, 13 × 43). 1,303-க்கு மீதி 226. அதற்கடுத்து 1,489, மீதி 199. இப்படியே 46,340 வரை ஒன்றுகூட மீதி பூஜ்யம் தராது. ஒரு மழைநாள் மாலையில் முதல் பன்னிரண்டு வரை போட்டுப் பார்த்தேன். அதற்கு மேல் பொறுமையில்லாமல் கணினியிடம் கொடுத்துவிட்டேன். ஆய்லர்மேல் மரியாதை கூடியதுதான் லாபம்.

வகுக்காமலேயே பகா எண் என்று காட்ட வழி உண்டா?

மெர்சென் எண்களுக்கு உண்டு. பிரான்ஸின் எத்துவார் லூக்கா 1870-களில் கண்டுபிடித்து, அமெரிக்காவின் டி. எச். லெமர் பின்னால் செம்மைப்படுத்திய சோதனை அது. 4-இல் தொடங்குங்கள். வர்க்கமாக்கி 2 கழியுங்கள். சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை எடுத்துக்கொள்ளுங்கள். மறுபடி வர்க்கமாக்கி 2 கழியுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை இப்படிச் செய்து முடித்ததும் பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை.

சின்ன உதாரணம்: 2⁵ − 1 = 31. அடுக்கு 5, ஆகவே மூன்று தடவை. 4 → 14 → 194, அதன் மீதி 8 → 8 × 8 − 2 = 62, மீதி 0. முடிந்தது.

நம் எண்ணுக்கு 29 தடவை. 4, 14, 194, 37,634, 1,41,63,17,954 என்று நான்கு தடவை முடியும்வரை மீதி எடுக்கும் அவசியமே வராது. அதற்கு மேல்தான் உண்மையான வேலை. ஆய்லருக்கு இந்தச் சோதனை தெரிந்திருந்தால் எண்பது சொச்ச வகுத்தல்கள் 29 பெருக்கல்களாகக் குறைந்திருக்கும். என்ன, பெருக்கல் ஒவ்வொன்றும் பத்து இலக்கத்துக்குப் பத்து இலக்கம்!

எவ்வளவு காலம் இது உலகின் மிகப் பெரிய பகா எண்ணாக இருந்தது?

எண்பது ஆண்டுகளுக்குக் குறையாமல். 1811-இல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலக் கணித ஆசிரியர், இதைக் கொண்டு உருவாகும் நிறைவெண்தான் இனி என்றைக்கும் மிகப் பெரியதாக இருக்கும் என்று எழுதினார். இவையெல்லாம் வேடிக்கைக்கே தவிரப் பயனுக்கில்லை, இதைத் தாண்டித் தேட யாரும் மெனக்கெட மாட்டார்கள் என்பது அவர் சொன்ன காரணம். பாவம், மனிதர்களைச் சரியாக எடைபோடவில்லை. 1855-இல் தாமஸ் கிளாசன் 2⁶⁴ + 1-ஐ உடைத்தபோது அதற்குள்ளிருந்து 14 இலக்கமுள்ள பகா எண் ஒன்று காரணியாக வந்தது. 1876-இல் லூக்கா 39 இலக்கமுள்ள 2¹²⁷ − 1-ஐக் கொண்டுவந்தார்.

நிறைவெண் என்றீர்களே, அது என்ன?

தன்னைத் தவிர்த்த மற்ற எல்லா வகுஎண்களையும் கூட்டினால் தன்னையே தரும் எண். 6 = 1 + 2 + 3. 28 = 1 + 2 + 4 + 7 + 14. ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் ஒரு நிறைவெண்ணைக் கொடுக்கும் என்பது யூக்ளிட் காலத்துச் சங்கதி. இரட்டைப்படை நிறைவெண்கள் எல்லாமே இப்படித்தான் வரும் என்று காட்டியதும் ஆய்லர்தான். நம் எண்ணை 2³⁰-ஆல் பெருக்கினால் எட்டாவது நிறைவெண்: 2305843008139952128. ஒற்றைப்படையில் ஒரு நிறைவெண்கூட இதுவரை அகப்படவில்லை. இல்லவே இல்லை என்று நிரூபிக்கவும் யாராலும் முடியவில்லை.

அக்கம்பக்கத்து எண்களில் ஏதாவது சுவாரசியம்?

நிறைய. ஒன்று கூட்டினால் 2³¹, முழுக்க முழுக்க இரண்டுகள். ஒன்று குறைத்தால் அதற்கு நேரெதிராகக் கதம்பம்:

2,14,74,83,646 = 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331.

இந்த உடைப்பு பிறகு உதவும், நினைவில் வையுங்கள்.

இரண்டு கூட்டினால் 3-ஆல் வகுபடும். இரண்டு கழித்தால் 5-இல் முடியும். ஆகவே இரட்டைப் பகா எண் ஜோடி எதிலும் நம் எண் இல்லை. ஆனால் அந்த இரண்டு கூட்டிய எண்ணை 3-ஆல் வகுத்தால் கிடைக்கும் 71,58,27,883 ஒரு பகா எண்.

இரட்டித்து ஒன்று கூட்டினால் 4,29,49,67,295. இது 3 × 5 × 17 × 257 × 65,537. இந்த ஐந்தும்தான் இன்றுவரை தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் (2-க்கு 1, 2, 4, 8, 16 என்று இரட்டிக்கும் அடுக்குகளைப் போட்டு ஒன்று கூட்டினால் வரும் பகா எண்கள்), ஆறாவது யாருக்கும் தெரியாது. அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து வரையக்கூடிய, ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணங்களில் நமக்குத் தெரிந்த மிகப் பெரியதற்கு இத்தனை பக்கங்கள். வரைந்தால் வட்டம் மாதிரிதான் இருக்கும், அது வேறு விஷயம். இதற்கு இரண்டு தள்ளி இருக்கும் 2³² + 1 பகா எண் என்று ஃபெர்மா நம்பினார். 641-ஆல் வகுபடும் என்று அதையும் கவிழ்த்தவர் ஆய்லரே, 1732-இல்.

இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா?

முடியாது. 4-ஆல் வகுத்தால் மீதி 3 வருகிறது. அப்படிப்பட்ட எந்த எண்ணாலும் முடியாது.

கணினியில் எங்கு பார்த்தாலும் இது வருவதற்குக் காரணம் இது பகா எண் என்பதா?

இல்லை, இல்லை, இல்லை. இந்தக் குழப்பம் போகவே மாட்டேன் என்கிறது. கணினி ஒரு முழு எண்ணை 32 பிட், அதாவது 0 அல்லது 1 வைக்கும் 32 இடங்கள், கொண்ட ஒரு பெட்டியில் வைத்தால், அதில் ஒரு பிட் கூட்டல், கழித்தல் குறிக்குப் போய்விடும். மீதி 31 பிட்டும் ஒன்றாக இருந்தால் அதுதான் அந்தப் பெட்டியில் அடங்கும் மிகப் பெரிய எண். அது பகா எண்ணாகவும் அமைந்தது தற்செயல். 16 பிட்டின் உச்சம் 32,767, அது 7 × 31 × 151 என்று மேலே பார்த்தோம். 64 பிட்டின் உச்சமான 2⁶³ − 1-ம் 7-ஆல் வகுபடும். இந்த மூன்றில் 32 பிட்டுக்கு மட்டும் அதிர்ஷ்டம் அடித்தது.

2014 டிசம்பரில் ஒரு கொரியப் பாட்டின் பார்வை எண்ணிக்கை யூடியூபில் இந்த எல்லையைத் தாண்டியது செய்தியானது நினைவிருக்கலாம். அங்கேயும் பிரச்சினை பெட்டியின் அளவுதான்.

2038 சிக்கல் என்பதும் இதே எண்ணா?

அதே. பல கணினிகள் நேரத்தை 1970 ஜனவரி 1 தொடங்கி எத்தனை விநாடி ஆயிற்று என்று எண்ணுகின்றன. அதை 32 பிட் பெட்டியில் வைத்திருந்தால், 2038 ஜனவரி 19 செவ்வாய்க்கிழமை, இந்திய, இலங்கை நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு நம் எண் வந்து நிற்கும். அடுத்த விநாடியில் கடிகாரம் 1901 டிசம்பருக்குத் தாவும். புதிய கணினிகள் பெரும்பாலும் 64 பிட்டுக்கு மாறிவிட்டன. எங்கோ சுவருக்குள் ஓடிக்கொண்டிருக்கும் பழைய சாதனங்களை நினைத்தால்தான் கவலை.

அப்படியானால் இது பகா எண் என்பதால் கணினிக்கு ஒரு பயனும் இல்லையா?

இருக்கிறது, தற்போக்கு எண்களில், அதாவது குலுக்கி எடுத்ததுபோல ஒழுங்கில்லாமல் வரும் எண்களில். ஓர் எண்ணை எடுத்து 16,807-ஆல் பெருக்கி, நம் எண்ணால் வகுத்து மீதியை எடுங்கள். அந்த மீதியை மறுபடி 16,807-ஆல் பெருக்குங்கள். 1-இல் தொடங்கினால்:

16,807 → 28,24,75,249 → 1,62,26,50,073 → 98,49,43,658 → ...

பார்க்கச் சீட்டுக் குலுக்கியதுபோல இருக்கிறது. ஆனால் 1 முதல் 2,14,74,83,646 வரை உள்ள ஒவ்வோர் எண்ணும் ஒரே ஒரு முறை வந்த பிறகே வட்டம் முடிந்து 1 திரும்பும். ஸ்டீபன் பார்க், கீத் மில்லர் இருவரும் 1988-இல் இதைக் குறைந்தபட்சத் தரமாக முன்வைத்தார்கள். சி++ மொழியின் நூலகத்தில் இன்றும் இருக்கிறது. சரியாக எழுதியிருக்கிறோமா என்று பார்க்க அவர்கள் சொன்ன வழி எளிது: 1-இல் தொடங்கி 10,000 தடவை பெருக்கினால் 1,04,36,18,065 வர வேண்டும்.

ஏன் 16,807? அது 7⁵. நம் எண்ணின் உலகத்தில் 7-இன் அடுக்குகள் எல்லா மீதிகளையும் சுற்றி வந்துவிடும். அந்தக் குணமுள்ள மிகச் சிறிய எண்ணும் 7-தான். வட்டத்தின் நீளமான 2,14,74,83,646-ஐ மேலே உடைத்தோமே, அதில் 5 என்ற காரணி இல்லை. அதனால் ஐந்தைந்து அடியாகத் தாண்டினாலும் ஒரு மீதியும் விட்டுப்போகாது. இப்படி முழுச் சுற்று வரும் பெருக்கிகள் மொத்தம் 53,46,00,000 இருக்கின்றன. அதற்கு நேரெதிர் 2. அதை வைத்துப் பெருக்கினால் 31 அடியில் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுவோம்.

ஒரு எச்சரிக்கை: ஓர் எண் தெரிந்தால் அடுத்தது தெரிந்துவிடும். விளையாட்டில் பகடை உருட்ட இது போதும். ஓடிபி உருவாக்க இதைப் பயன்படுத்தாதீர்கள்.

வகுத்து மீதி எடுப்பது கணினிக்கு மெதுவான வேலை அல்லவா?

மற்ற எண்களுக்கு. நம் எண்ணுக்கு வகுக்கவே வேண்டாம். 9-ஆல் வகுத்த மீதியைக் கண்டுபிடிக்க இலக்கங்களைக் கூட்டுவோமே, அதே உத்தி. 9 என்பது 10-இல் ஒன்று குறைவு என்பதால் அது நடக்கிறது. நம் எண் 2³¹-இல் ஒன்று குறைவு. ஆகவே இரும இலக்கங்களை 31, 31 ஆக வெட்டித் துண்டுகளைக் கூட்டினால் போதும். 2¹⁰⁰-ஐ நம் எண்ணால் வகுத்தால் மீதி என்ன? 100-இல் மூன்று 31 போக மிச்சம் 7. ஆகவே 2⁷, அதாவது 128. மனக்கணக்கு.

ரகசியக் குறியீட்டுக்கு இதைப் பயன்படுத்தலாமா?

கூடாது. பத்து இலக்கம் அங்கே தூசி. ஆர்எஸ்ஏ முறையில் முந்நூறு இலக்கப் பகா எண்களைப் போடுகிறார்கள், அவையும் ரகசியமாக இருக்க வேண்டும். நம் எண்ணை உலகமே அறியும்.

இன்று தெரிந்த மிகப் பெரிய பகா எண் எது?

2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1. அதுவும் மெர்சென் எண்தான். 4,10,24,320 இலக்கங்கள். அமெரிக்காவின் லூக் டியூரான்ட் கண்டுபிடித்தார். அதை உறுதிப்படுத்தியது மேலே சொன்ன லூக்கா சோதனை, அடுக்குதான் பெரியது. எந்த வடிவத்து எண்ணையும் ஐயமில்லாமல், நியாயமான நேரத்தில் சோதிக்கும் பொது வழி ஒன்றை 2002-இல் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயல், நிதின் சக்சேனா மூவரும் கொடுத்தார்கள். கோட்பாட்டில் அது பெரிய வெற்றி. ஆனால் இப்படிப்பட்ட ராட்சத மெர்சென் எண்களுக்கு லூக்காவின் வழிதான் வேகம்.

நம் எண்ணையே அடுக்காகப் போட்டால்?

நல்ல ஆசை. 3 மெர்சென் பகா எண், 2³ − 1 = 7-ம் பகா எண். 7-ஐ அடுக்காக்கினால் 127, 127-ஐ அடுக்காக்கினால் லூக்காவின் 39 இலக்க எண், எல்லாம் பகா எண்களே. நம் எண்ணும் இப்படி வந்ததுதான், அதன் அடுக்கான 31 தானே 2⁵ − 1. ஆனால் நம் எண்ணை அடுக்கில் ஏற்றினால் வரும், 64 கோடிக்கு மேல் இலக்கமுள்ள எண் 29,52,57,52,66,26,031-ஆல் வகுபட்டுவிடுகிறது.

நான் எழுதிய நிரல் இதைப் பகா எண் இல்லை என்கிறது. யார் சொல்வது சரி?

ஆய்லர் சொல்வது சரி. உங்கள் நிரல் ஜாவாவில், 32 பிட் முழு எண்ணில் எழுதப்பட்டிருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். ஒரு மாணவி இதே புகாரோடு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ‘வகுஎண் × வகுஎண் ≤ எண்’ என்ற நிபந்தனை உண்மையாக இருக்கும்வரை 2, 3, 4 என்று வகுத்துப் பார்க்கும் வழக்கமான சுழல். மற்ற எண்களுக்கெல்லாம் ஒழுங்காக ஓடியது. இந்த ஒன்றுக்கு மட்டும் வெகுநேரம் யோசித்துவிட்டு, ‘பகா எண் அல்ல’ என்றது.

வகுஎண் 46,341 ஆகும்போது அதன் வர்க்கம் 2,14,74,88,281. சுழல் அங்கே நின்றிருக்க வேண்டும். ஆனால் அது பெட்டிக்குள் அடங்காமல் −2,14,74,79,015 ஆகிவிடுகிறது. மைனஸ் எண் நம் எண்ணைவிடச் சிறியதுதானே? சுழல் தொடர்கிறது. இன்னும் சொல்லப்போனால், பெட்டியில் அடங்கும் எந்த எண்ணும் நம் எண்ணைவிடப் பெரிதாக இருக்க முடியாது, ஆகவே அந்த நிபந்தனை பொய்யாகவே ஆகாது. வகுஎண் ஏறி, ஏறி, கடைசியில் 2,14,74,83,647-க்கே வந்து சேர்கிறது. தன்னைத் தானே வகுத்தால் மீதி பூஜ்யம். ‘ஆகா, வகுஎண் கிடைத்துவிட்டது’ என்று நிரல் மகிழ்ச்சியோடு அறிவிக்கிறது.

பெருக்குவதற்குப் பதிலாக ‘வகுஎண் ≤ எண் ÷ வகுஎண்’ என்று மாற்றி எழுதுங்கள். அந்த மாணவி மாற்றி ஓட்டினாள். கண் சிமிட்டுவதற்குள் ‘பகா எண்’ என்று வந்தது.